கொதிக்க வைத்தால் போகாதவை: தாமிரபரணித் தண்ணீரில் கலக்கும் ரசாயனங்கள்

ஆற்றில் புதுவெள்ளம் வந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு ஒன்றுதான்: "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க." நல்ல பேச்சு. காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலை என்று தண்ணீர் வழியே வரும் கிருமிகளுக்கு அதைவிட எளிய வழி கிடையாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே போதும். ஆனால் இன்று தாமிரபரணியிலும் அதன் வாய்க்கால் குளங்களிலும் கலப்பது கிருமி மட்டுமல்ல. நைட்ரேட், ஈயம், காட்மியம், வயலிலிருந்து வடியும் மருந்து, சோப்பில் சேர்க்கும் கிருமிநாசினி, குளத்துப் பாசி கக்கும் நச்சு ஆகியவை அடுப்புச் சூட்டுக்குப் பெரும்பாலும் அசைவதில்லை. சில, கொதிக்கக் கொதிக்கக் கூடுகின்றன.

லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கிணற்றுத் தண்ணீர் 10 லிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். கொதித்துச் சுண்டி 8 லிட்டர் ஆனால் அதே நைட்ரேட் லிட்டருக்கு 50 ஆகிவிடும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் எல்லை 45. எல்லைக்குள் இருந்த தண்ணீரை நாமே எல்லை தாண்ட வைக்கிறோம். அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், நைட்ரேட் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பெரியவர்கள் உடம்பில் இதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதி போதிய அளவு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது மிகக் குறைவு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லை.

எனவே "தண்ணீர் கெட்டுப்போச்சு" என்று பொதுவாகச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பொருள், எங்கே கலக்கிறது, எந்த மாதத்தில் கூடுகிறது, எதைச் செய்தால் குறையும் என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது.

பொதிகை மலையிலிருந்து பாபநாசத்தில் இறங்கும் தண்ணீர் பாறைமேல் ஓடிவருவது. உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்தண்ணீர். பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும். அதே மென்மைதான் அதன் பலவீனம் என்பது பலருக்குத் தெரியாது. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம், உலோக நச்சு மீனின் செவுளில் ஒட்டாதபடி ஓரளவு மறித்துக்கொள்ளும். மென்தண்ணீரில் அந்தக் காப்பு இல்லை. செம்பு, காட்மியம், ஈயம் எல்லாம் அதே அளவில் இருந்தாலும் இங்கே மீனுக்கு அதிகக் கேடு செய்யும். மென்தண்ணீர் பழைய பித்தளைக் குழாயையும் பற்றவைப்பையும் அரித்து ஈயத்தை இழுத்துவரவும் செய்யும். இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் முதல் ஒன்றிரண்டு நிமிடம் பாத்திரம் கழுவ, செடிக்கு விட ஒதுக்கிவிட்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று துணியைக் கழற்றி ஆற்றில் விடும் வழக்கத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்தத் துணிகளில் பெரும்பகுதி பாலியஸ்டர். மக்காது, இழை இழையாகப் பிரிந்து நுண்பிளாஸ்டிக் ஆகும். என் பார்வையில், கண்ணுக்குத் தெரியும் துணியைவிடத் தெரியாமல் கரையும் சோப்பும் ஷாம்புவும் பெரிய சிக்கல். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய மூன்று ஆறுகளில் ட்ரைக்ளோசானை அளந்தது. கிருமிநாசினி சோப்பிலும் சில பற்பசைகளிலும் சேர்க்கப்பட்டுவந்த பொருள் அது. மூன்றில் மிக அதிகமாக இருந்தது தாமிரபரணியில்தான்: லிட்டருக்கு 5,160 நானோகிராம் வரை, அதாவது சுமார் 5 மைக்ரோகிராம். நீர்ப்பாசிகளில் சில 1 மைக்ரோகிராமுக்கும் கீழேயே பாதிக்கப்படும். வெயில் பட்டால் ட்ரைக்ளோசானின் ஒரு பகுதி டையாக்சின் என்ற நச்சு வகைப் பொருளாக மாறும். குளோரினோடு சேர்ந்தால் குளோரோபார்ம் உண்டாகும். விலங்குச் சோதனைகளில் தைராய்டு சுரப்பைக் குலைத்திருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் வீட்டு உபயோகக் கைகழுவும் சோப்புகளில் இதற்குத் தடை விதித்தது. சாதாரண சோப்பைவிட இது கூடுதலாக நன்மை செய்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். ஆற்றில் குளிப்பவர்கள் சோப்பு அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

வயலிலிருந்து வாய்க்காலுக்கு

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வரை இரு கரையும் நெல்லும் வாழையும். கார், பிசானம் என இரண்டு போகம். ஒவ்வொரு போகத்திலும் நடவு முடிந்த முதல் வாரத்தில் களைக்கொல்லி, பிறகு குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் மருந்து. நம் பாசன முறையில் மேல்வயலின் வடிகால்தான் கீழ்வயலுக்குப் பாசனம். கடைசி வடிகால் குளத்துக்கோ திரும்ப ஆற்றுக்கோ போகும். மேலே மடை திறந்தால் கீழே குடிக்கிறவருக்கு வரும்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி பயணிக்காது. குளோர்பைரிபாஸ் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம். அது சேற்றில் ஒட்டிக்கொண்டு வண்டலோடு குளத்தின் அடியில் போய்ப் படியும். அங்கே மேயும் நத்தை, நண்டு, அடிமீன் வழியாகத்தான் மேலே வரும். இமிடாகுளோபிரிட் அப்படியில்லை, லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் கரையும். வண்டல் தெளிந்து கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீரிலும் அது இருக்கும். ஐ.எஸ். 10500-இன் பூச்சிமருந்துப் பட்டியலில் எண்டோசல்பான், பியூட்டாகுளோர், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்றவை உண்டு. புகையானுக்கு இங்கே பரவலாகத் தெளிக்கும் இமிடாகுளோபிரிட் அதில் இல்லை. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தடை செய்தது. பட்டியல் பழையதைப் பார்த்துக்கொண்டிருக்க, வயலில் புதியது ஓடுகிறது.

அளவு எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் கை தானாக எச்சரிக்கை கொள்ளும். லிட்டருக்கு 200 கிராம் செறிவுள்ள இமிடாகுளோபிரிட் மருந்தில் 5 மில்லி, ஒரு மூடி அளவு, 1 கிராம் நச்சு கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் பெரும்பாலான பூச்சிமருந்துகள் ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அந்த ஒரு மூடி, 1 கோடி லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதும். கைத்தெளிப்பானை வாய்க்காலில் முக்கி அலசுவதும், காலி பாட்டிலை மடையில் எறிவதும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. பாட்டில் காலியானதும் கால்பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும். மூன்று முறை. பிறகு பாட்டிலில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் அதில் மண்ணெண்ணெயோ நல்லெண்ணெயோ பிடித்துவைக்க மாட்டார்கள். தெளிப்பானை அலசிய தண்ணீரையும் வயலுக்குள்ளேயே தெளித்துவிடலாம். களைக்கொல்லி போட்டால் குறைந்தது மூன்று நான்கு நாள் வடிமடையை மண்வைத்து அடைத்துவைக்க வேண்டும். பூச்சிமருந்துக்கு ஒரு வாரம் அடைத்தால் இன்னும் நல்லது. தவறு நடப்பது மழையில்தான். மருந்து போட்ட மறுநாள் ஐப்பசி மழை கொட்டினால் வரப்பு வழிந்து மொத்தமும் போய்விடும். வானிலை பார்த்து இரண்டு நாள் தள்ளிப்போடுவதில் மருந்தும் மிச்சம், காசும் மிச்சம். வாய்க்கால் கரையின் புல்லைக் களைக்கொல்லி அடித்துக் கருக்குவதை நிறுத்தவே வேண்டும். அந்தப் புல்தான் வயல்வழிச் சேற்றை வடிகட்டுகிறது.

உரத்தையும் மறக்கக் கூடாது. யூரியாவின் மிச்சம் நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்கும். பாஸ்பேட் உரத்தில் பாறையிலிருந்தே வரும் சிறிதளவு காட்மியம் உண்டு. வயல் மாறி மாறிக் காய்ந்து நனையும்போது நெற்பயிர் அதை எளிதாக உறிஞ்சும். பல பத்தாண்டுகள் சிறுநீரகத்தில் சேர்வது அது. குடிநீரில் அதன் எல்லை லிட்டருக்கு 0.003 மில்லிகிராம் மட்டுமே.

அரிசி ஆலைகளில் புழுங்கலுக்கு நெல் ஊறவைத்த தண்ணீர், டன்னுக்குச் சுமார் 1,000 லிட்டருக்கு மேல் வெளியேறும். அதில் நச்சு குறைவு. ஆனால் அது அழுகும்போது தண்ணீரின் பிராணவாயுவைத் தின்றுவிடும். பத்தமடைப் பாய்க்கோரையில் ஏற்றும் செயற்கைச் சாயத்தின் மிச்சம் அளவில் சிறியது. சாயத்தொட்டியை ஓடையில் கவிழ்க்காமல் அதே தண்ணீரில் அடுத்த கட்டுக்கு வெளிர்நிறம் ஏற்றிக்கொண்டால் சாயக் காசும் மிஞ்சும்.

மாநகரத்தில்

சுத்தமல்லி தாண்டி மாநகருக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. கருப்பந்துறை, குறுக்குத்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, வெள்ளக்கோவில் என்று படித்துறைகள் இருக்கும் அதே கரையில் சாக்கடை வாய்களும் இருக்கின்றன. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், குளிக்கத் தகுந்த ஆற்றில் கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. கரிமக் கழிவின் அளவுகோலான உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3-ஐத் தாண்டக் கூடாது. கோலிபார்ம் கிருமி 100 மில்லியில் 500-க்குள் இருக்க வேண்டும். சாக்கடை வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். ஆறு அப்படி வராது. பங்குனி சித்திரையில் ஆறு இழையாக ஓடும்போது அதே சாக்கடை பலமடங்கு அடர்த்தியாகிறது. ஆகவே கார்த்திகை வெள்ளத்தில் எடுத்த ஒரு மாதிரியை வைத்து ஆறு நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது சரியல்ல.

வீட்டுச் சாக்கடை என்றால் மலம் மட்டும் என்று நினைக்கிறோம். மீந்த மாத்திரை, வலிநிவாரணி, நோய் எதிர்ப்பு மருந்து, பட்டறை ஆயில், பேட்டரி அமிலம் எல்லாம் அதில்தான். சாக்கடை சுத்திகரிப்பு நிலையம் கரிமக் கழிவைக் குறைக்கக் கட்டப்பட்டது. கார்பமாசெபின் என்கிற வலிப்பு மருந்து போன்றவை அதன் வழியே கிட்டத்தட்ட அப்படியே வெளியே வரும். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதியில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு லாரிகளில் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. அப்போது ஊசியையும் பஞ்சையும் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். மழையில் கரைந்து மண்ணுக்குள் இறங்கக்கூடிய மருந்துகளும், எரித்தால் டையாக்சின் தரும் பி.வி.சி. குழாய்களும் அதே அளவு கவலைக்குரியவை.

விநாயகர் சிலையில் பிளாஸ்டரே நச்சு என்ற பேச்சுக்கு ஒரு திருத்தம் தேவை. பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்பது கால்சியம் சல்பேட். அது அடைக்கும், கரைய வெகுகாலம் எடுக்கும். உண்மையான நச்சு, மேலே பூசும் பளபளப்பு வண்ணத்தில் உள்ள ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள். 2023-இல் திருநெல்வேலியில் செய்த பிளாஸ்டர் சிலைகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்பனைக்கு எதிரான உயர் நீதிமன்ற உத்தரவில் அது தலையிடவில்லை. களிமண் சிலை வாங்குகிறவர்களும் அதில் எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்கள்.

குளங்கள்

ஆறு ஓடிக்கொண்டாவது இருக்கிறது. நெல்லைக் கால்வாய் வந்து சேரும் நயினார்குளம், பாளையங்கால்வாய்ப் பக்கத்து வேய்ந்தான்குளம் போன்றவற்றில் வந்தது எல்லாம் தங்கிவிடும். மறுகால் பாயாத வருடங்களில் தண்ணீர் ஆவியாக, உப்பும் உலோகமும் மட்டும் மீதியாகும். பாஸ்பேட் கூடியதும் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) குளத்தை மூடும். அது சாக்கடைச் சத்தையும் உலோகத்தையும் உறிஞ்சி வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அள்ளிய செடியைக் கரையிலேயே குவித்துவிட்டால் அழுகி மறுபடி உள்ளேயே வடியும். சாக்கடைக் குளத்துச் செடியை மாட்டுக்குப் போடக் கூடாது. காய்கறிக்கு உரமாக்குவதும் வேண்டாம்.

செடி இல்லாத குளத்தில் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல இருந்தால் அது நீலப்பச்சைப் பாசி. அதில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நச்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தால் பாசியின் செல் உடைந்து உள்ளே இருந்த நச்சும் வெளியே வரும். நச்சு சூட்டில் அழியாது. ஆடுமாட்டையும் அங்கே தண்ணீர் காட்டாதீர்கள்.

விடிகாலையில் மீன் மிதந்தால் உடனே "யாரோ மருந்து கலந்துட்டான்" என்பார்கள். பெரும்பாலும் காரணம், இரவெல்லாம் பாசி பிராணவாயுவை இழுத்துத் தீர்த்ததுதான். பட்டப்பகலில் மிதந்தால் அமோனியாவைச் சந்தேகிக்கலாம். பாசி நிறைந்த குளத்தில் மதியம் பி.எச். (அமில காரத் தன்மையின் அளவு) 9 வரை ஏறும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7-இல் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். 9-இல் அது 40 சதவீதத்தைத் தாண்டும். இரண்டு வகையிலும் அந்த மீனை விற்கவோ தின்னவோ கூடாது.

உயிருடன் பிடித்த குளத்து மீனைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். கொழுப்பில் கரையும் பழைய பூச்சிமருந்துகள் தோலிலும் வயிற்றுக் கொழுப்பிலும் சேரும். அவற்றை நீக்கிவிட்டுச் சமைத்தால் குறையும். காட்மியம் ஈரலிலும் குடலிலும் தங்கும், அவற்றை எறிந்துவிடலாம். பாதரசம் மட்டும் சதையிலேயே இருக்கும், எப்படி வெட்டினாலும் போகாது. குளத்தின் அடிச்சேற்றில் பாக்டீரியா அதை மீத்தைல் பாதரசமாக்க, சிறு மீனைத் தின்னும் பெரிய மீனில் அது கூடிக்கொண்டே போகும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சாக்கடை கலக்கும் குளத்துப் பெரிய விராலைவிட, நல்ல தண்ணீரில் பிடித்த சிறிய கெண்டை மேல்.

வீட்டில் எது எதற்கு ஆகும்

தேற்றான் கொட்டையைப் பானைக்குள் உரசுவதும் படிகாரம் போடுவதும் கலங்கலை அடியில் படியவைக்கும். மண் துகளில் ஒட்டிய உலோகமும் மருந்தும் அதோடு போகும்; கரைந்திருப்பது அப்படியே நிற்கும். செம்புக் குடம் ஓர் இரவில் கிருமியைக் குறைக்கும், ரசாயனத்தை ஒன்றும் செய்யாது. புற ஊதா விளக்கும் அப்படித்தான். பூச்சிமருந்து, ட்ரைக்ளோசான், குளோரின் வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் நல்லது. ஆனால் நைட்ரேட், புளோரைடு, உப்புக்கு அது பயன்படாது. காலம் கடந்த கார்பன் பிடித்ததைத் திருப்பி விட்டுவிடும். நைட்ரேட், புளோரைடு, ஈயம் என்றால் ஆர்.ஓ. தான்.

ஆர்.ஓ. விற்க வருகிறவர் முதலில் எடுப்பது டி.டி.எஸ். மீட்டர். அது மொத்த உப்பை மட்டும் காட்டும். குடிநீரில் ஈயத்தின் எல்லை 0.01 மில்லிகிராம், எல்லையைப் பத்து மடங்கு தாண்டினாலும் அந்த மீட்டரில் ஒரு எண்கூட நகராது. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் டி.டி.எஸ். குறைவாக இருந்தால் உப்பு நீக்குவதற்காக ஆர்.ஓ. தேவையில்லை. டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்ய வேண்டும் என்று 2019-இல் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. ஒரு லிட்டர் வடிக்க இரண்டு மூன்று லிட்டரை அது சாக்கடைக்கு அனுப்புகிறது.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதானால் 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணிநேரம் விட வேண்டும். கலங்கலாக, இலைதழை அழுகிக் கிடக்கும் தண்ணீரில் அப்படியே போட்டால் குளோரின் கரிமப் பொருளோடு சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன்களை (குளோரோபார்ம் வகைப் பொருள்களை) உண்டாக்கும். முதலில் தூர்வாரித் தெளியவைப்பது, பிறகு குளோரின் என்பதே வரிசை.

பரிசோதனைக்கு எடுக்கும்போது

ஊராட்சிகளில் இருக்கும் கள ஆய்வுப் பெட்டி பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, நைட்ரேட், எஞ்சிய குளோரின் போன்றவற்றைச் சொல்லும். ஈயமும் பூச்சிமருந்தும் அதில் தெரியாது. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ கேட்க வேண்டும். பாட்டிலை ஆய்வகத்திடமே வாங்குங்கள், பாதிச் சோதனை பாட்டிலில்தான் கெடுகிறது. உலோகத்துக்கு அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில், நைட்ரிக் அமிலத் துளிகளோடு. அமிலம் இல்லாவிட்டால் ஈயம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு முடிவு குறைத்துக் காட்டும். பூச்சிமருந்துக்கு ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், ஐஸ் பெட்டியில். கிருமிக்குக் கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில். ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும்.

ஆற்றில் ஓட்டத்தை எதிர்த்து நின்று, மேலிருந்து ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைந்த ஆழத்தில் பிடிக்க வேண்டும். காலால் கிளறிய சேறு உள்ளே வரக் கூடாது. சாக்கடை வாய்க்கு மேலே ஒன்று, கீழே தண்ணீர் நன்கு கலந்த இடத்தில் ஒன்று என இரண்டு மாதிரி எடுத்தால்தான் எவ்வளவு கலக்கிறது என்று நிறுவ முடியும். ஆழ்துளைக் கிணறென்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். தேதி, நேரம், கடைசி மழை, பக்கத்து வயலில் மருந்து அடித்த நாள் எல்லாவற்றையும் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள்.

அறிக்கை வந்ததும் "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியடைந்துவிட வேண்டாம். அந்தக் கருவி எவ்வளவு சிறிய அளவுவரை கண்டுபிடிக்கும் என்று கேளுங்கள். ஈயத்தின் எல்லை 0.01 மில்லிகிராமாக இருக்க, கருவி 0.05-க்குக் கீழே பார்க்க முடியாதது என்றால், அந்த அறிக்கை ஈயத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இந்த எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு, எல்லையில் பத்தில் ஒரு பங்கையாவது பார்க்கக்கூடிய ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.